வானில் ஓர் உலையும் ஒரு கடிகாரமும்

அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டுள்ள 88 விண்மீன் மண்டலங்களுள் வேட்டைக்காரனாகிய ஓரியனையும், தேளையும், சிம்மத்தையும், சப்தரிஷி மண்டலத்தைத் தன்னுள் கொண்ட பெருங்கரடியையும் பெரும்பாலோர் அறிவர். அதே பட்டியலில் காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றும், வேதியியலாரின் உலை ஒன்றும், ஊசல் கடிகாரம் ஒன்றும், ஒட்டகச்சிவிங்கியும், நரியும், ஈயும் இடம்பெற்றிருப்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. இவற்றின் விண்மீன்கள் மங்கலானவை. இவற்றைச் சுற்றிப் பழங்கதைகளும் இல்லை. ஆயினும் எந்த ஆண்டில், எந்த நாட்டில், யாரால், எந்தத் தேவைக்காகப் பெயரிடப்பட்டன என்பதைப் பெரும்பாலும் துல்லியமாகச் சொல்லிவிட முடிகிறது. தொன்மையான மண்டலங்களின் தோற்றம் வரலாற்றுக்கு எட்டாத காலத்தில் மறைந்து கிடக்க, புகழ் குறைந்த இம்மண்டலங்களோ பெயரிட்டவர்களின் தொழிலையும் வணிகத்தையும் அரசியலையும் வெளிப்படையாகக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

விண்மீன் மண்டலம் என்பது பூமியிலிருந்து நோக்கும்போது அருகருகே இருப்பதுபோல் தோன்றும் விண்மீன்களை ஒரு வடிவமாகச் சேர்த்துக் கண்டு மனிதர் இட்ட பெயராகும். ஒரே மண்டலத்தைச் சேர்ந்த இரு விண்மீன்களுள் ஒன்று சில பத்து ஒளியாண்டுத் தொலைவிலும் மற்றொன்று ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலும் இருக்கக்கூடும். ஈர்ப்பு விசையால் பிணைக்கப்பட்ட கோடிக்கணக்கான விண்மீன்களின் தொகுப்பாகிய விண்மீன் திரளோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இயற்கையில் இல்லாத ஓர் எல்லையை மனிதரே வகுத்துக்கொள்வதால், எந்த வடிவம் நிலைக்கும், எது மறையும் என்பதையும் மனிதரே தீர்மானித்தனர்.

தாலமி விட்டுச்சென்ற வெற்றிடங்கள்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த வானியலாளர் தாலமி, 'அல்மஜெஸ்ட்' என்று பின்னாளில் பெயர்பெற்ற தம் நூலில் ஆயிரத்துக்கும் சற்று மிகுதியான விண்மீன்களை 48 மண்டலங்களில் அடக்கிப் பட்டியலிட்டார். அடுத்த 1,400 ஆண்டுகளுக்கு அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் அந்தப் பட்டியலே அளவுகோலாக இருந்தது. ஆயினும் அதில் இருவகை வெற்றிடங்கள் இருந்தன. ஒன்று, ஒளிமிக்க உருவங்களுக்கு இடையே எந்த உருவத்திலும் சேராமல் விடப்பட்ட மங்கிய விண்மீன்களின் பரப்பு. மற்றொன்று, அலெக்சாந்திரியாவின் தொடுவானத்துக்கு மேல் எழாததால் அவர் கண்ணுக்கே தெரியாத தென்துருவப் பகுதி. பிற்காலத்தில் தோன்றிய மண்டலங்கள் ஏறத்தாழ அனைத்தும் இவ்விரு வெற்றிடங்களை நிரப்ப எழுந்தவையே.

முதல்வகை வெற்றிடத்தில் நிலைத்த மிகப் பழைய பெயர் 'கோமா பெரனிசெஸ்', அதாவது பெரனிசின் கூந்தல். பெரனிஸ் என்பவள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி மன்னனின் மனைவி. இம்மன்னன் மேலே சொல்லப்பட்ட வானியலாளர் தாலமிக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவன். கி.மு. 246 அளவில் கணவன் சிரியா நாட்டின்மீது போர்தொடுத்துச் சென்றபோது, அவன் நலமாகத் திரும்பினால் தன் கூந்தலைக் காணிக்கையாக்குவதாக அரசி நேர்ந்துகொண்டாள். அவ்வாறே மழித்துக் கோயிலில் வைத்த கூந்தல் காணாமற்போகவே, அரண்மனை வானியலாளரான சாமோஸ் தீவின் கோனோன், சிம்மத்தின் வால்பக்கத்தில் மங்கலாகச் சிதறிக் கிடந்த விண்மீன்களைச் சுட்டி, தெய்வங்கள் அக்கூந்தலை வானில் வைத்துவிட்டன என்று அறிவித்தார். அரசவைப் புலவர் கலிமாக்கஸ் அதனைப் பாடலாக்கினார். வானியலாளர் தாலமியோ இவ்விண்மீன்களைத் தனி மண்டலமாகக் கொள்ளாமல் சிம்மத்தின் அருகே உள்ள உதிரி விண்மீன்களாகவே எழுதினார். 1536இல் ஜெர்மானியரான காஸ்பர் வோப்பெல் தம் வான்கோளத்தில் இதனை வரைந்ததும், டென்மார்க்கின் டைக்கோ பிராஹேயின் விண்மீன் பட்டியல் 1602இல் இதனைத் தனியே எண்ணியதும்தான் அரசியின் கூந்தலுக்கு நிலையான இடத்தைப் பெற்றுத்தந்தன. இன்றைய 88 மண்டலங்களுள் உண்மையில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது இது ஒன்றே.

மிளகுக் கப்பல்களில் ஏறிய பறவைகள்

இரண்டாம்வகை வெற்றிடமாகிய தென்துருவ வானை நிரப்பும் தேவை வணிகத்தால் பிறந்தது. போர்ச்சுகீசியரின் பிடியிலிருந்த மிளகு, கிராம்பு, சாதிக்காய் வணிகத்தில் பங்குபெற விரும்பிய டச்சு வணிகர்கள், 1595இல் நான்கு கப்பல்களைக் கிழக்கிந்தியத் தீவுகளை நோக்கி அனுப்பினர். நிலநடுக்கோட்டைக் கடந்ததும் துருவ விண்மீன் தொடுவானத்தில் மறைந்துவிடுவதால், தெற்கே செல்லும் மாலுமிகளுக்கு வழிகாட்ட வேறு விண்மீன்கள் தேவைப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் கிறித்தவ மத போதகராகவும் நிலப்பட வல்லுநராகவும் இருந்த பெட்ரஸ் பிளான்சியஸ், அக்கப்பல்களில் சென்ற பீட்டர் கெய்சர் என்ற மாலுமிக்கு விண்மீன்களின் இடத்தை அளக்கப் பயிற்சி அளித்து, தென்வானைக் குறித்துவரும்படி கேட்டுக்கொண்டார். கப்பல்கள் மடகாஸ்கரில் சில மாதங்கள் தங்கிய காலம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. கெய்சர் 1596இல் சாவகத்தின் பாந்தன் துறைமுகத்தருகே இறந்துபோனார். எனினும் அவர் எடுத்த அளவுகள் கப்பலோடு நாடு திரும்பின. அவற்றைக் கொண்டு பிளான்சியஸ் 1598இல் வெளியிட்ட வான்கோளத்தில் 12 புதிய மண்டலங்கள் இடம்பெற்றன.

அந்தப் பன்னிரண்டில் பதினொன்று கடல்வழி சென்றவர்கள் கண்டவையும் கேட்டவையுமாகிய உயிர்கள்: மயில், நாரை, பீனிக்ஸ் என்னும் கற்பனைப் பறவை, சொர்க்கப்பறவை, டூக்கன் பறவை, பச்சோந்தி, நீர்ப்பாம்பு, ஈ, டொராடோ என்னும் பெரிய கடல்மீன், அது துரத்திப் பிடிக்கும் பறக்கும் மீன், இவற்றோடு 'இந்தியன்' என்னும் மனித உருவம். பன்னிரண்டாவது தென்முக்கோணம். தமிழகக் கடற்கரையில் பறவைக்கோலா என்று வழங்கும் மீன்வகையே 'வோலான்ஸ்' என்ற பெயரில் டொராடோ மீனின் அருகே வைக்கப்பட்டிருக்கிறது. வெப்பக் கடல்களில் கோலாக்கள் நீருக்கு மேல் பாய்வதும் அவற்றைப் பெரிய மீன்கள் விரட்டுவதும் மாலுமிகளுக்கு அன்றாடக் காட்சியாக இருந்ததால், அந்த வேட்டையே வானிலும் வரையப்பட்டது.

இப்பெயர்கள் சிலவற்றில் அக்கால ஐரோப்பியரின் அறியாமையும் உறைந்து கிடக்கிறது. 'ஏபஸ்' என்னும் சொர்க்கப்பறவை மண்டலத்தின் பெயருக்குக் கிரேக்க மொழியில் காலற்றது என்று பொருள். நியூ கினி பகுதியிலிருந்து வணிகத்துக்கு வந்த இப்பறவையின் தோல்கள் கால் நீக்கிப் பதப்படுத்தப்பட்டிருந்ததால், இது தரையில் இறங்காமல் வானிலேயே மிதந்து வாழும் பறவை என்று ஐரோப்பாவில் நம்பினர். 'இந்தியன்' என்ற உருவமும் இந்தியாவைச் சேர்ந்தவரைத்தான் குறிக்கிறது என்று சொல்வதற்கில்லை. கிழக்குத் தீவுகளில் வாழ்ந்தோரையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் அன்றைய ஐரோப்பா அதே சொல்லால் அழைத்தது. டூக்கன் தென் அமெரிக்கப் பறவையாயினும், அக்கப்பல்களில் சென்ற பிரடெரிக் டி ஹௌட்மன் அம்மண்டலத்துக்குத் தந்துள்ள விளக்கத்தை நோக்கினால், அவர் கருதியது கிழக்குத் தீவுகளில் வாழும் இருவாச்சியாக இருக்கக்கூடும் என்று வரலாற்றாய்வாளர் கருதுகின்றனர்.

ஹௌட்மனின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. இரண்டாம் பயணத்தின்போது சுமத்ராவின் அச்சே நாட்டில் சிறைப்பட்ட அவர், அக்காலத்தில் மலாய் மொழியைக் கற்றதோடு விண்மீன்களையும் அளந்தார். 1603இல் அவர் வெளியிட்ட மலாய், மலகாசி மொழிகளின் அகராதிக்குப் பின்னிணைப்பாகத் தென்வானின் 303 விண்மீன்களின் பட்டியல் அச்சானது. மொழியும் விண்மீனும் வணிகனுக்கு ஒரே வகைத் தேவையாக இருந்ததை அந்த நூலின் அமைப்பே காட்டுகிறது. அதே 1603இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர வழக்கறிஞரான யோகான் பேயர் 'உரனோமெட்ரியா' என்னும் விண்மீன் வரைபட நூலை வெளியிட்டு, தாலமியின் 48 மண்டலங்களோடு இப்பன்னிரண்டையும் சேர்த்தார். அந்த நூலின் புகழே இவற்றை ஐரோப்பா முழுவதும் கொண்டு சேர்த்தது. ஹௌட்மன் ஈ என்றதைப் பேயர் தேனீ என்று எழுத, பிற்காலத்தில் அது மீண்டும் ஈயாக மாறிய வேடிக்கையும் நிகழ்ந்தது.

பிளான்சியஸ் பழைய மண்டலங்களுக்கு இடையிலான வெற்றிடங்களையும் விட்டுவைக்கவில்லை. தாலமியின் மண்டலங்களுள் ஒன்றான ஆர்கோ கப்பலின் அருகே 1592இல் அவர் வைத்த புறா, மத போதகரான அவருக்கு நோவாவின் பேழையிலிருந்து பறந்த புறாவாக இருந்தது. 1612ஆம் ஆண்டு வான்கோளத்தில் வந்த ஒட்டகச்சிவிங்கியும் ஒற்றைக்கொம்பனும் அவர் வைத்தவையே. ஒட்டகச்சிவிங்கிக்குரிய 'கமலோபார்டலிஸ்' என்ற பெயர் ஒட்டகத்தின் கழுத்தும் சிறுத்தையின் புள்ளியும் கொண்ட விலங்கு என்னும் பழைய கருத்திலிருந்து வந்தது. வானியலாளர் கெப்ளரின் மருமகனான யாக்கோப் பார்ட்ஷ் 1624இல் இதனைப் பற்றி எழுதும்போது, விவிலியத்தில் ரெபேக்காளை ஈசாக்கிடம் சுமந்துவந்த ஒட்டகமாக இதற்கு விளக்கம் தந்தார்.

கூரைமேல் அமைந்த ஆய்வகம்

வடவானில் எஞ்சிய இடைவெளிகளைப் பெரும்பாலும் நிரப்பியவர், இன்றைய போலந்தின் கதான்ஸ்க் துறைமுக நகரில் மது வடிக்கும் தொழில் செய்த செல்வரான யோகன்னஸ் ஹெவேலியஸ். தம் வீடுகளின் கூரைமேல் அவர் அமைத்த ஆய்வகம் அன்றைய ஐரோப்பாவின் சிறந்த ஆய்வகங்களுள் ஒன்றாக இருந்தது. தொலைநோக்கி பரவிவிட்ட காலத்திலும், விண்மீன்களின் இடத்தை அளப்பதற்கு வெறுங்கண்ணும் பெரிய கோணமானிகளுமே நம்பத்தக்கவை என்பது அவர் கொள்கை. 1679இல் நேர்ந்த தீவிபத்தில் ஆய்வகமும் கருவிகளும் அழிந்தன. போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் ஆதரவால் அதனை மீண்டும் எழுப்பிய ஹெவேலியஸ் 1687இல் இறந்தார். அவரோடு இணைந்து அளவுப்பணி செய்துவந்த மனைவி எலிசபெத்தா, கணவர் விட்டுச்சென்ற விண்மீன் பட்டியலையும் வரைபடங்களையும் 1690இல் வெளிக்கொணர்ந்தார்.

அந்நூலின் வழியாக ஏழு மண்டலங்கள் இன்றுவரை நிலைத்துள்ளன: வேட்டை நாய்கள், பல்லி, சிறுசிம்மம், லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை, கேடயம், செக்ஸ்டன்ட் என்னும் கோணமானி, நரி. தீயில் எரிந்த கருவியின் நினைவே வானில் கோணமானியாக நின்றது. லிங்க்ஸ் மண்டலத்தின் விண்மீன்கள் மிக மங்கலானவை என்பதால், அவ்விலங்கின் கூரிய பார்வை உடையவரே அதனைக் காண இயலும் என்று ஹெவேலியஸ் காரணம் கூறினார். கேடயம் முதலில் 'சோபியெஸ்கியின் கேடயம்' என்றே பெயர்பெற்றது. 1683இல் வியன்னா நகரை முற்றுகையிட்ட துருக்கியப் படையை முறியடித்த அம்மன்னரைச் சிறப்பிக்கவும், ஆய்வகத்தை மீட்டெடுக்க உதவியதற்கு நன்றி கூறவும் அப்பெயர் இடப்பட்டது. நரி அக்காலத்தில் வாயில் வாத்து ஒன்றைக் கவ்வியவாறு வரையப்பட்டது. பின்னர் வாத்து மண்டலத்தின் பெயரிலிருந்து நீங்கியபோதிலும், அதன் ஒளிமிக்க விண்மீன் இன்றும் வாத்தைக் குறிக்கும் 'ஆன்சர்' என்ற பெயரையே கொண்டிருக்கிறது.

கருவிகளால் நிறைந்த தென்வானம்

தென்வானின் மிச்சப் பகுதியை முறையாக அளந்தவர் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரும் வானியலாளருமான நிக்கோலா லூயி த லக்காய். 1751இல் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் டவுனுக்குச் சென்ற அவர், அவ்வாண்டு ஆகஸ்ட் தொடங்கி ஓராண்டுக்குள் 9,776 விண்மீன்களின் இடத்தை அளந்து முடித்தார். அதற்கு அவர் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லை அரை அங்குல விட்டமே உடையது. உருவை எட்டு மடங்கு மட்டுமே பெருக்கிக் காட்டியது. தொலைநோக்கியை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு, பூமியின் சுழற்சியால் பார்வைப் பரப்பினூடே நகர்ந்து செல்லும் ஒவ்வொரு விண்மீனும் உள்ளே நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் கடிகாரத்தைக் கொண்டு குறிப்பது அவர் கையாண்ட முறை. கண்வில்லையினுள் சாய்சதுர வடிவில் பொருத்தப்பட்ட மெல்லிய சட்டம் இந்த அளவைக்கு உதவியது.

பாரிஸ் திரும்பிய லக்காய், இவ்வளவு விண்மீன்களுக்கும் இடம் தர 14 புதிய மண்டலங்களை வகுத்தார். அவற்றுள் புராண வீரனோ அரசனோ விலங்கோ ஒன்றுமில்லை. ஒன்று நீங்கலாக அனைத்தும் அறிவியலுக்கும் கலைக்கும் கைத்தொழிலுக்கும் உரிய கருவிகள். காற்றுப் பம்பு, வேதியியல் உலை, ஊசல் கடிகாரம், நுண்நோக்கி, தொலைநோக்கி, மாலுமியின் திசைகாட்டி, எண்மக் கோணமானி, வட்டம் வரையும் காம்பஸ், மூலைமட்டம், செதுக்கு உளி, ஓவியரின் படந்தாங்கி, சிற்பியின் பட்டறை ஆகியவற்றோடு தாம் பயன்படுத்திய சாய்சதுரச் சட்டத்தையும் 'ரெட்டிகுலம்' என்ற பெயரில் வானில் வைத்தார். தென்துருவப் புள்ளி அமைந்திருப்பது எண்மக் கோணமானியாகிய 'ஆக்டன்ஸ்' மண்டலத்தில்; மாலுமிகள் விண்மீனின் உயரத்தை அளக்கும் இக்கருவி அக்காலத்தில் புதிதாக வந்தது. பகுத்தறிவையும் ஆய்வையும் கொண்டாடிய 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் மனப்போக்கை, அக்காலத்து நூல்களைப் போலவே இவ்வானமும் பதிவு செய்திருக்கிறது.

விதிவிலக்கான பதினான்காவது மண்டலம் 'மென்சா', அதாவது மேசை. கேப் டவுனுக்குப் பின்னால் உச்சி தட்டையாக நிற்கும் மேசை மலையின் நினைவாக லக்காய் இப்பெயரை இட்டார். அம்மலையின் மேல் வெண்முகில் விரிப்புபோல் படிவதுண்டு. வானிலும் இம்மண்டலத்தின் விளிம்பில் பெரிய மகெல்லன் முகில் என்னும் அண்டை விண்மீன் திரள் மங்கிய வெண்புகைபோல் படிந்திருப்பது அவருக்கு அந்த ஒப்புமையைத் தந்தது. புவியில் உள்ள ஓர் இடத்தின் பெயரைத் தாங்கும் மண்டலம் இது ஒன்றுதான். ஒளி மிகக் குறைந்த மண்டலமும் இதுவே. வானியலாளர் விண்மீனின் ஒளியை எண்ணால் குறிக்கும்போது எண் கூடக்கூட ஒளி குறையும். நல்ல இருளில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி எண் ஏறத்தாழ 6. மென்சாவின் ஒளிமிக்க விண்மீனுக்கே அந்த எண் 5.1.

தாலமியின் பட்டியலில் இருந்த 'ஆர்கோ' என்னும் மாபெரும் கப்பலின் விண்மீன்களை, கையாள இயலாத அளவு மிகுந்திருந்ததால், அடிப்பகுதி, பின்தளம், பாய் என மூன்றாகப் பிரித்து எழுதியவரும் லக்காய்தான். அகத்தியர் என்று தமிழர் வணங்கும் ஒளிமிக்க விண்மீன் இப்போது அதன் அடிப்பகுதியாகிய 'கரினா' மண்டலத்தில் இருக்கிறது. லக்காய் இட்ட பெயர்களுள் சில இரண்டு சொற்களில் நீண்டு கிடந்ததால், 1844இல் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அவற்றை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கும்படி முன்மொழிந்தார். அவ்வாறே வேதியியல் உலை வெறும் உலையாகிய 'ஃபோர்னாக்ஸ்' ஆயிற்று; காற்றுப் பம்பு 'அன்ட்லியா' ஆயிற்று.

இடம் கிடைக்காத பெயர்கள்

வானில் ஏற முயன்று தோற்ற பெயர்களும் பல. ஹேலி வால்மீனால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹேலி, செயின்ட் ஹெலினா தீவிலிருந்து தென்வானை அளந்துவந்து, தம் மன்னர் இரண்டாம் சார்லஸ் பகைவரிடமிருந்து ஒளிந்து தப்பிய ஓக் மரத்தை 1678இல் ஒரு மண்டலமாக்கினார். அதற்கான விண்மீன்களை அவர் ஆர்கோ கப்பலிலிருந்து எடுத்துக்கொண்டதால், பின்னர் வந்த லக்காய் அவற்றைக் கப்பலுக்கே மீட்டுத்தந்துவிட்டார். பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் புகழைப் பாட வானியலாளர் யோகான் போடே 1787இல் வகுத்த மண்டலமும், ஜெர்மானிய வானியலாளர் கிர்ச் 1688இல் வைத்த பிராண்டன்பர்க் செங்கோலும் அவ்வாறே மறைந்தன. 1627இல் யூலியஸ் ஷில்லர், பன்னிரு ராசிகளையும் இயேசுவின் பன்னிரு சீடர்களாக மாற்றி வெளியிட்ட கிறித்தவ வானமும் நூலோடு நின்றுவிட்டது.

பிரெஞ்சு வானியலாளர் ஜெரோம் லலாந்த் பூனைகள்மீது கொண்ட பற்றால் 1799இல் ஒரு பூனையையும், மோன்கோல்பியே சகோதரர் 1783இல் பறக்கவிட்ட வெப்பக்காற்றுப் பலூனின் நினைவாக ஒரு பலூனையும் வானில் ஏற்றினார். இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்ட போடே, 1801இல் வெளியிட்ட தம் பெரிய வரைபட நூலில் அச்சகம் ஒன்றையும் மின்னெந்திரம் ஒன்றையும் சேர்க்கவே, மண்டலங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. லலாந்த் 1795இல் வகுத்த சுவர்க் கோணமானி மண்டலமும் இன்று பட்டியலில் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் அத்திசையிலிருந்து பொழியும் எரிகற்கள் 'குவாட்ரன்டிட்ஸ்' என்று அதன் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. பூனையும் முற்றாக மறையவில்லை. 2018இல் அனைத்துலக வானியல் ஒன்றியம், அப்பகுதியிலுள்ள ஒரு விண்மீனுக்குப் பூனையைக் குறிக்கும் 'ஃபெலிஸ்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

நிலைத்தவற்றையும் மறைந்தவற்றையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கெய்சர், ஹௌட்மன், ஹெவேலியஸ், லக்காய் ஆகியோர் பிறர் அளக்காத விண்மீன்களை அளந்து, பிறர் கையாளத்தக்க பட்டியலாகத் தந்தனர். பெயர் அந்தப் பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அளவைப்பணி செய்திருந்தும் பழைய மண்டலத்தின் விண்மீன்களைப் பறித்தவையும், ஓர் அரசனின் புகழுக்காக மட்டுமே எழுந்தவையும் அந்த அரசின் எல்லைக்கு வெளியே ஆதரவு பெறவில்லை. கேடயம் நிலைத்ததுகூட, சோபியெஸ்கியின் பெயரை உதிர்த்துவிட்டு வெறும் கேடயமாக நின்ற பிறகுதான்.

திருப்பி எழுதிய பெயர்

விதிகளை மீறிப் பெயர் நுழைத்த ஒருவர் வெற்றிபெற்றதும் உண்டு. டால்பின் என்னும் சிறிய மண்டலம் தாலமி காலத்திலிருந்தே வழங்குவது. இந்திய மரபில் இதன் விண்மீன்களே அவிட்ட நட்சத்திரம். 1814இல் இத்தாலியின் பலெர்மோ ஆய்வகம் வெளியிட்ட விண்மீன் பட்டியலில் இம்மண்டலத்தின் இரு முதன்மை விண்மீன்களுக்குச் 'சுவாலோசின்', 'ரோட்டனேவ்' என்ற பெயர்கள் புதிதாகத் தோன்றின. அவை எம்மொழிச் சொற்கள் என்று அறியாமல் அறிஞர் திகைத்தனர். பின்னர் தாமஸ் வெப் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், லத்தீன் எழுத்துகளை வலமிருந்து இடமாகப் படித்து, 'நிக்கோலஸ் வெனட்டர்' என்பதே அது என்று கண்டுபிடித்தார். ஆய்வகத்தின் உதவியாளர் நிக்கோலோ கச்சத்தோரேயின் பெயரிலுள்ள பின்பாதிக்கு இத்தாலிய மொழியில் வேட்டைக்காரன் என்று பொருள். அதன் லத்தீன் வடிவமே வெனட்டர். அனைத்துலக வானியல் ஒன்றியம் இவ்விரு பெயர்களையும் இன்று முறைப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எல்லை வகுத்த ஒன்றியம்

ஒரே விண்மீனை ஒருவர் ஒரு மண்டலத்திலும் மற்றொருவர் வேறொன்றிலும் சேர்க்கும் குழப்பம் நீடித்ததால், 1919இல் தோன்றிய அனைத்துலக வானியல் ஒன்றியம் 1922இல் ரோமில் கூடிய முதல் பொதுப் பேரவையில் 88 மண்டலங்களின் பட்டியலை உறுதிசெய்தது. அவற்றுக்கு இடையிலான எல்லைகளை பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் வகுத்தார். 1930இல் அவை நூலாக வந்தன. பூமியின் நிலநேர்க்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் வானில் நீட்டியதுபோன்ற கோடுகளை ஒட்டியே எல்லைகள் அமைந்தன. தென்வானுக்கு பெஞ்சமின் கோல்டு என்ற அமெரிக்க வானியலாளர் முன்பே வகுத்திருந்த எல்லைகள் 1875ஆம் ஆண்டு நிலையை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், டெல்போர்டும் அதே ஆண்டைத் தெரிந்துகொண்டார். பம்பரத்தின் தலை மெல்லச் சுழல்வதுபோல் பூமியின் அச்சும் ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை சுழல்வதால், அக்கோடுகள் இன்றைய வரைபடங்களில் சற்றே சாய்ந்து காணப்படுகின்றன. இந்த ஏற்பாட்டுக்குப் பின் மண்டலம் என்பது வெறும் உருவமாக நில்லாமல், நிலத்துக்கு மாவட்டம்போல வானின் ஒரு பரப்பாயிற்று.

மங்கலான இப்பரப்புகள் இன்றைய வானியலில் முதன்மை பெற்றதற்குக் காரணமும் அவற்றின் மங்கலே. பால்வழித் திரளின் தட்டையான பரப்புக்குச் செங்குத்தாக நோக்கும் திசைகளில் அருகிலுள்ள விண்மீன்களும் தூசும் குறைவாக இருப்பதால், தொலைவில் உள்ள திரள்கள் தடையின்றித் தெரிகின்றன. அவ்வாறமைந்த வட முனை கோமா பெரனிசெஸ் மண்டலத்திலும், தென் முனை சிற்பி மண்டலத்திலும் இருக்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2003ஆம் ஆண்டின் இறுதியிலும் 2004ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஃபோர்னாக்ஸ் மண்டலத்தின் ஒரு சிறு துண்டை நீண்ட நேரம் நோக்கி எடுத்த படத்தில் சுமார் 10,000 விண்மீன் திரள்கள் பதிவாயின. சீரான இடைவெளியில் துடிக்கும் பல்சார் வகை விண்மீன்களுள் முதலாவதாக 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்தது நரி மண்டலத்தில். 1987இல் வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி வெடித்த மீஒளிர் விண்மீன் தோன்றியது டொராடோவில்.

இந்த வானோடு தமிழகத்துக்கு உள்ள உறவும் சிறிதன்று. 52 பாகை வட அகலாங்கில் இருக்கும் ஆம்ஸ்டர்டாமில் ஒருபோதும் உதிக்காத பீனிக்ஸ், மயில், டூக்கன், தென்முக்கோணம் முதலியவை, 13 பாகையில் இருக்கும் சென்னையின் தெற்குத் தொடுவானத்தில் உரிய பருவத்தில் எழுகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல், ஒளி கூடிக்குறையும் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது லக்காய் தம் கண்வில்லைச் சட்டத்தின் நினைவாகப் பெயரிட்ட ரெட்டிகுலம் மண்டலத்தில், சென்னையில் அடிவானிலிருந்து 14 பாகைக்கு மேல் உயராத இடத்தில் இருப்பது. இன்று 'ஆர் ரெட்டிகுலி' என்று பட்டியல்களில் வழங்குகிறது. ஹெவேலியஸின் எரிந்த கருவிக்குரிய செக்ஸ்டன்ட் மண்டலத்தில் உள்ள ஒரு விண்மீனுக்கு 2019இல் இந்தியாவின் சார்பில் 'பிபா' என்ற பெயர் தெரிவாயிற்று. இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக இடப்பட்ட அப்பெயரோடு, அதனைச் சுற்றும் கோளுக்குச் 'சந்தமசா' என்ற பெயரும் சேர்ந்தது.

சித்திரை, வைகாசி மாதங்களில் மின்விளக்கொளி குறைந்த ஊர்களில் முன்னிரவு 9 மணியளவில் வெளியே வருவோர், தலைக்கு மேலே சிம்மத்தின் வாலுக்குக் கிழக்கில் பெரனிசின் கூந்தலை மெல்லிய ஒளித்தூறலாகவும், அதே நேரத்தில் தெற்கில் தாழ்வாகத் திரிசங்கு எனப்படும் தென்சிலுவையையும் காணலாம். தை மாத முன்னிரவில் ஆர் ரெட்டிகுலி தெற்கில் தன் உச்சியை அடைகிறது; ஏறத்தாழ 280 நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் அவ்விண்மீன், சிறு தொலைநோக்கி உடையவர்க்கு, ஒளி மிகுந்திருக்கும் காலத்தில் இன்றும் எட்டக்கூடியதே.